கிரானைட்டு தொண்டைக்குள் ஒரு கிழவி

ஓர் ஆள் என்று சொல்லி வீடு பிடித்துவிட்டு இரண்டு ஆளாகக் குடியிருந்த மனிதர் காரைக்காலில் ஒருவர்தான். அவர் கிரானைட்டு. மற்ற ஊர்களில் எப்படியோ, எனக்குத் தெரியாது. நான் பௌதிக வாத்தியார். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்லிப் பழகியவன். இந்த விஷயத்தில் காதால் கேட்டதுதான் கொஞ்சம் சிக்கல்.

தலத்தெருவில் ஹாஜியார் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நான். அடுத்ததில் கிரானைட்டு. பீகாரில் சீவான் பக்கத்துக்காரர். டைல்ஸ், கிரானைட் பதிக்கும் வேலைக்காக வந்து பன்னிரண்டு வருஷமாக ஊரிலேயே இருந்தார். வாடகைப் பத்திரத்தில் நல்ல பெயர் ஒன்று எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆறடி உயரம், இரும்பு பிரஷ் மாதிரி மீசை. குரலோ, டீக்கடையில் "சாய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பலகையில் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும்.

தமிழை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கொத்தனார். அதனால் எடு, வை, தள்ளு, மட்டம் பாரு ஆகிய நான்கு சொற்களைச் சுற்றியே அவருடைய தமிழ் வளர்ந்திருந்தது. எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார். மரியாதையை முகத்தில் வைத்திருப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் தரையைத் தட்டுவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகு காதை வைத்துக் கேட்பது. "இது பேசுது" என்று நகர்வார். சரியாகப் பதியாத கல்லாக இருந்தால், "இது ஊமை." நான் குடிவந்த அன்று என் அறை முழுவதையும் தட்டிவிட்டு, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு, "சார், உனக்கு நாலு ஊமை" என்றார். ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் குனிந்து தரையைத் தட்டிக் காது கொடுத்தார். சாம்பார் வாளியோடு வந்தவர், அவர் கேட்டு முடிக்கும்வரை பயந்துபோய் நின்றார்.

ஒருநாள் ஹாஜியார் வீட்டுக் கூடத்திலேயே குப்புறப் படுத்துவிட்டார். பத்து நிமிஷம் காதை எடுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"ஹாஜி, உள்ள காத்து இருக்கு."

ஹாஜியாருக்கு எழுபது வயது. மகன்கள் துபாயில். அவரும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் கீழே. "என்னா காத்து?" என்றார்.

"பெரிய காத்து. ரொம்ப நாளா உள்ள இருக்கு. வெளிய வர வழி இல்ல."

திரைக்குப் பின்னால் எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா அன்றிலிருந்து கூடத்தின் அந்த மூலையில் கால் வைப்பதில்லை. சிமெண்ட் சரியாகப் பரவாத இடத்தில் காற்று அடைபட்டிருப்பதைத்தான் கிரானைட்டு சொல்கிறார் என்று நான் விளக்கினேன். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார்.

"வாத்தியார் தம்பி, சிமெண்டு கொறஞ்சதால காத்து வந்துச்சுங்கறீங்க. சரி. காத்து இருந்ததால சிமெண்டு ஒட்டாம போச்சோ என்னமோ, அத யாரு பாத்தா?"

அன்று ராத்திரி என் அறையின் நாலு ஊமைகளையும் நானே ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

தீபாவளி முடிந்த மறுநாள். மழை வருவதற்காக வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மாலை மக்ரிப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஒரு கிழவி பாடினாள்.

மெல்லிய குரல். ஓரமெல்லாம் நைந்துபோன துணி மாதிரி. வரிக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். தொலைவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரை, திரும்பிப் பார்க்கும்வரை விடுவதில்லை என்று கூப்பிடுவது போல இருந்தது. தெருவில் நாய்கள் குரைக்கவில்லை. எல்லா நாய்களும் எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

செருப்பில்லாமல் யாரோ படியேறி வந்தார்கள். ஹாஜியார். விளக்கு எரியும்போதே கையில் டார்ச் வைத்திருந்தார்.

"தம்பி, அந்த ஆளு ரூம்ல ஒரு கெழவி இருக்கா."

"போன்ல யூடியூபா இருக்கும்ங்க."

அந்த நேரம் பாட்டு நின்றது. கிழவி இரண்டு முறை இருமினாள். தண்ணீர் குடிக்கும் சத்தம். பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

"யூடியூபு இருமுமா தம்பி?"

"இருமாதுங்க."

"அவ ஏறுனத நான் பாக்கல. வாசல்லதான் காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். நீங்க மொதல்ல போங்க. நீங்க சயின்ஸ் படிச்சவங்க."

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். அறை நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கிரானைட்டு வெள்ளைத் துணி விரித்து அதில் கோதுமையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. குரல் மட்டும் இருந்தது. ஹாஜியார் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். பீரோவைத் திறந்து சட்டைகளை விலக்கிப் பார்த்தார். கிழவி பாடிக்கொண்டேயிருந்தாள். வேறு வழியில்லாமல் நாங்கள் இருவரும் சுற்றி வந்து அவருடைய முகத்தைப் பார்த்தோம்.

மீசை அசைந்துகொண்டிருந்தது. அந்த மீசைக்குள்ளிருந்துதான் கிழவி வந்துகொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. கன்னம் உள்ளே ஒடுங்கி, பல் இல்லாதவர்களுக்கு நீள்வது போல முகவாய் முன்னால் நீண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தெரு பார்த்த முகம் அது இல்லை. நான் படித்த பௌதிகம் மொத்தமும் அந்த நிமிஷத்தில் என்னை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டது.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தார். முகம் பழையபடி கல்லாக மாறியது. "ஹாஜி. சார். உக்காரு" என்று தம்ளர் உரசும் குரலில் சொன்னார். "கோதும தொடாத. சாமி கோதும."

ஹாஜியார் உட்கார்ந்தார். கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா பையோடு நாகூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கிழவி இறங்கிய பிறகுதான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டாராம். ஹாஜியாருக்கு மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு. இரண்டாம் நாள் ராத்திரி புரோட்டாவோடு அவருடைய பொறுமை தீர்ந்துவிட்டது.

"நல்ல மனுசன்தான். ஆனா இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிருங்க தம்பி. எம் பொண்டாட்டி எனக்கு வேணும்."

தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. கிரானைட்டிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் முன்னாவைப் பிடித்தேன். முன்னா அதே சீவான்காரர், பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டா மாஸ்டர். என்னைவிட நல்ல காரைக்கால் தமிழ் பேசுவார். மாவை வீசியடித்துக்கொண்டே சொன்னார்.

"சட் பூஜை வருதுல்ல சார். தீபாவளிக்கு ஆறாம் நாளு. ஆத்துல நின்னு எறங்குற சூரியனக் கும்புடணும், மறுநாள் ஏறுற சூரியனக் கும்புடணும். ஒன்ற நாளு பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது. அதுக்குன்னு பாட்டு இருக்கு. எல்லாம் பொம்பளைங்க பாட்டு. நாங்க இந்த ஊருல ஐஸ் கம்பெனி, கட்டட வேலைன்னு இத்தன பேரு கெடக்கோம். ஒரு பொம்பள கெடையாது. அப்ப யாரு பாடுறது?"

"போன்ல போட்டுக்கலாமே?"

"அது சத்தம் சார், பாட்டு இல்ல." ஒரு புரோட்டாவைத் திருப்பிப் போட்டார். "அந்தக் காலத்துல எங்காளுங்க கப்பலேறி மோரீஸு தீவு, பீஜின்னு போனாங்க. பொம்பளைங்களும் கூடப் போனதால பாட்டும் போச்சு. இன்னிக்கும் அங்க பாடுறாங்க. நாங்க ரயிலேறி வந்தோம். பாட்ட வீட்டுல விட்டுட்டு வந்துட்டோம். கிரானைட்டு அண்ணன் ஒருத்தருதான் தொண்டையில வச்சு எடுத்துட்டு வந்தாரு. அவங்க அம்மா மடியில உக்காந்து கத்துக்கிட்டாரு. வேற மாதிரி பாட வராது."

"அது அவங்க அம்மா குரலா?"

"ஆமா சார். அவங்க ஊருல நல்லாதான் இருக்காங்க. ஆனா கேக்கக் கேக்க எங்க அம்மா மாதிரியே இருக்கும். ஐஸ் கம்பெனில ஒருத்தன் இருக்கான், அவன் அம்மா செத்து அஞ்சு வருசம் ஆச்சு. அது எங்க அம்மா குரலுங்கறான். எப்பவும் ஐஸ் கம்பெனி ரூம்லதான் கோதும பொறுக்கிப் பாடுவாரு, போன வருசம் அங்க எனக்கும் அவனுக்கும் அடிதடியே ஆயிருச்சு."

கிரானைட்டின் அம்மா உயிரோடு ஊரில் இருக்கிறார், அதனால் இது பேயில்லை என்ற நல்ல செய்தியை ஹாஜியாரிடம் கொண்டுபோனேன். அவர் ஹோட்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் கேட்டார்.

"அந்தம்மா கொரலு இஞ்ச இவன் தொண்டையில இருந்தா, அங்க அந்தம்மா தொண்டையில என்னா இருக்கும் தம்பி?"

எனக்கு அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆறாம் நாள் மாலை அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். நாற்பது ஐம்பது ஆண்கள், எல்லோரும் குளித்துத் தலைசீவி, கரையில் வரிசையாக நின்றார்கள். கரும்பு, வாழைத்தார், தேங்காய், கோதுமை மாவில் வெல்லம் போட்டு நெய்யில் பொரித்த டேக்குவா எல்லாம் மூங்கில் முறங்களில் இருந்தன. கிரானைட்டு மஞ்சள் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நேற்று மாலையிலிருந்து அவர் உதட்டில் தண்ணீர் படவில்லை. ஹாஜியாரும் வந்திருந்தார். கையில் பிளாஸ்க். "வாக்கிங் வந்தேன்" என்றார். அவர் வாக்கிங் போய் நான் பார்த்ததில்லை.

மேற்கே ஊருக்குப் பின்னால் சூரியன் கலங்கிய மஞ்சளாக இறங்கியது. கிழவி பாட ஆரம்பித்தாள்.

கரையில் ஒருவரும் கூடப் பாடவில்லை. கூலி வேலை செய்து காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது காரைக்கால்மேட்டுப் படகு ஒன்று கடலிலிருந்து முகத்துவாரத்துக்குள் திரும்பியது. இன்ஜின் சட்டென்று நின்றது. உள்ளே இருந்த மூன்று பேரும் எழுந்து நின்று தண்ணீரைத் தேடினார்கள்.

"யோவ், கெழவி ஒண்ணு ஆத்துல கெடக்குய்யா! எல்லாம் கரையில நின்னு வேடிக்க பாக்குறீங்களே!"

படகு மெல்ல மிதந்து கிரானைட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அவர்கள் மீசையைப் பார்த்தார்கள். குரலைக் கேட்டார்கள். மறுபடி மீசையைப் பார்த்தார்கள். அதன் பிறகு இன்ஜினைப் போடவே இல்லை. துடுப்பால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

எல்லோருக்கும் அவரவர் அம்மா பாடுவது போல இருந்ததாகச் சொல்கிறார்கள். என் அம்மா பாடி நான் கேட்டதில்லை. எனக்கு, சாப்பிடாமல் எங்கேடா கிளம்பிட்டே என்று பின்னாலிருந்து யாரோ கேட்பது போல இருந்தது. ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தேன். பின்னால் ஹாஜியார்தான் நின்றார். முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க ஹாஜியார்?"

"ஒண்ணுமில்ல. எங்க உம்மாவும் இப்புடித்தான். வரிக்கு நடுவுல மூச்சு வாங்கும்." பிளாஸ்க்கை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆறு ஒரே இரவில் நிறம் மாறி, குப்பையை இழுத்துக்கொண்டு ஓடியது. கிரானைட்டு அதில் இறங்கிக் கிழக்கே பார்த்து நின்றார். தண்ணீர் குடித்து ஒன்றரை நாள். கன்னம் நிஜமாகவே ஒட்டிப்போயிருந்தது. கிழவி பாடினாள். ஏன் இவ்வளவு நேரம், எழுந்து வா என்று சூரியனைக் கேட்கிற பாட்டு என்று முன்னா காதோடு சொன்னார். சூரியன் வரவில்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடந்தன. அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

திடீரென்று, வரி பாதியில் இருக்கும்போதே, குரல் நின்றது.

மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். இல்லை. வாய் அசைந்தது. சத்தம் இல்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது, அவருடைய சொந்தக் குரல். அந்தப் பாட்டுக்குள் அது பொருந்தவே இல்லை. யார் பேசியது என்று தெரியாதவர் போல அவரே சுற்றிலும் பார்த்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"மாயி" என்றார். போஜ்புரியில் அம்மா. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "சார், மாயி போயிடுச்சு."

அவர் சாய்ந்தார். நான் எப்போது தண்ணீரில் இறங்கினேன் என்று நினைவில்லை. பேண்ட் நனைந்து கனத்தபோதுதான், அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வலது கையை முன்னா பிடித்திருந்தார். கரையில் ஒருவன் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். போனது யாருடைய அம்மா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து செல்போன்கள் வெளியே வந்தன. ஊருக்குப் போட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஆற்றில் மழை விழுகிற சத்தம் மட்டும்.

கடைசி வரிசையில் யாரோ அந்தப் பாதி வரியை எடுத்தார்கள். கரகரத்த குரல், சுதியே இல்லை. ஐஸ் கம்பெனிக்காரர். அடுத்து இன்னொருவர். பிறகு முன்னா, என் காதுக்குப் பக்கத்திலேயே. சின்ன வயதில் கேட்டதோடு சரி, ஒருநாளும் வாய்திறந்து பாடியிராத நாற்பது ஆண்களும் பாடினார்கள். அவ்வளவு அசிங்கமான சங்கீதத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. கிழக்கே மேகத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் செம்பு நிறம் தெரிந்தது. கிரானைட்டு அழுதுகொண்டே முறத்தைத் தூக்கிக் காட்டினார். முறத்துக்கு முன்னால் பாலை ஊற்றினார்கள்.

கரையேறியதும் அவருடைய போன் அடித்தது. திரையில் அம்மா நம்பர்.

எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹாஜியார் வந்து அதை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, சுத்தமான காரைக்கால் தமிழில் கேட்டார்.

"அலோ, யாருங்க?"

போனுக்குள்ளிருந்து கிழவி பேசினாள். அதே கிழவி. அதே நைந்த ஓரம். ஹாஜியார் போனை நழுவவிடாமல் இருந்தது அவருடைய வயதுக்குப் பெரிய காரியம். கிழவி மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் திட்டினாள். முன்னா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் மொழிபெயர்த்தார்.

"குளத்துல நின்னு பாடிட்டு இருந்தாங்களாம். பாதி வரில தொண்ட அடைச்சுக்கிச்சாம். காத்துகூட வரலியாம். மத்த பொம்பளைங்கதான் பாடி முடிச்சாங்களாம். கரையேறி இஞ்சியும் வெல்லமும் வாயில போட்டதுக்கப்பறம்தான் குரல் வந்துச்சாம். ஒனக்கு என்னாச்சுன்னு கேக்குறாங்க."

காரைக்காலிலிருந்து சீவானுக்கு ஒலி போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த இடத்திலேயே மனசுக்குள் கணக்குப் போட்டேன். இன்னமும் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன். விடை மாறுவதில்லை.

ஹாஜியார் பிளாஸ்க்கைத் திறந்தார். உள்ளே சுக்குக் காபி. கிரானைட்டு இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, கண்ணை மூடிப் போனுக்குப் பக்கத்தில் ஒரு வரி பாடிப் பார்த்தார். கிழவி வந்துவிட்டாள். போனுக்குள்ளிருந்தும் அதே வரி வந்தது. எது மீசையிலிருந்து வருகிறது, எது போனிலிருந்து வருகிறது என்று எங்களால் பிரிக்க முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் போனில் அந்த அம்மா ஏதோ கேட்டார். முன்னா மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார்.

"என்னவாம் முன்னா?"

"ஒங்களத்தான் சார் கேக்குறாங்க. ஒங்க பேரு தெரியல. எடது பக்கமா பேண்ட்டோட தண்ணில எறங்குன ஆளு யாருன்னு. அவனுக்குப் பழக்கமில்ல, சளி புடிச்சுக்கும், மொதல்ல அவனுக்குச் சாப்புடக் குடுங்கன்னு சொல்றாங்க."

அது வீடியோ கால் இல்லை. யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் முன்பே ஏதாவது சொன்னீர்களா என்று முன்னாவைக் கேட்டேன். சத்தியம் செய்தார். கிரானைட்டு ஒரு டேக்குவாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"சார், சாப்பிடு. மாயி சொல்லுது."

சாப்பிட்டேன். மழை ஈரமும் கொஞ்சம் ஆற்று மணலும் சேர்ந்திருந்தது. நன்றாக இருந்தது.

அந்த வாரமே வீட்டுக்காரம்மா நாகூரிலிருந்து திரும்பி வந்தார். ஹாஜியார் என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ தெரியாது. "பாடுற கெழவிதான, இருந்துட்டுப் போவட்டும். இந்த வூட்ல எனக்கும் ஒரு பொம்பளத் தொண வேணாமா?" என்று படிக்கட்டுக்குக் கீழே நின்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். காலி பண்ணும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

நான் இப்போது புதுச்சேரியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். தீபாவளி முடிந்த ஆறாம் நாளும் ஏழாம் நாளும் லீவு போட்டுவிடுவேன். காரணம் என்ற இடத்தில் அம்மாவைப் பார்க்க என்று எழுதுகிறேன். என் அம்மா மன்னார்குடியில் இருப்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். வருஷா வருஷம் நான் காரைக்காலுக்கு டிக்கெட் எடுப்பதும் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பையில் மாற்று வேட்டி ஒன்றை மறக்காமல் வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் மாயி திட்டும்.